துவரும் நிறமும்

வாழைத்தோட்டத்துக்கு வேலை செய்யப் போவோர் வெள்ளாடை உடுத்திச் செல்வதில்லை. தாரை வெட்டிய இடத்தினின்று வடியும் சாறு முதலில் நீர்போலவே தோன்றும். ஆடைமேல் ஒரு துளி பட்டால் அப்பொழுது ஒன்றும் தெரியாது. காற்றுப்பட்டுக் காய்ந்தபின் அது பழுப்பாகும். நாள் செல்லச் செல்லக் கறுக்கும். எத்துணை முறை வெளுப்பினும் நீங்காது. எங்கள் ஊராகிய சின்னமனூர் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றின் கரையில் உள்ளது. மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்று நீரை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பினர். அந்நீரால் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிக்கும் ஊர் இது. ஆதலின் வாழைக்கறை படியாத துணி எங்கள் வீடுகளில் அரிது.

கறை என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். சாயம் என்றால் விலை கொடுத்து வாங்குகிறோம். எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். துணியில் நிறம் ஏறி நீங்காமல் நிற்கிறது. வேண்டாத இடத்தில் நின்றால் அது கறை. வேண்டிய இடத்தில் வேண்டியவாறு நின்றால் அது சாயம். இவ்வுண்மையை நான் முதலில் அறிந்தது பள்ளியில் அன்று. எங்கள் வீட்டுக் கொல்லையில்.

என் தந்தையாருக்கு ஆண்டுக்கு இரண்டு வேட்டிகளே வாங்குவது வழக்கம். அவற்றுள் ஒன்று கறை மிகுந்து உடுத்தத் தகாததாயிற்று. அன்னையார் அதனை எறியவில்லை. கடுக்காய்த் தோட்டை இடித்து வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரில் வேட்டியை ஓர் இரவு முழுதும் அமிழ்த்தி வைத்தார். பனைவெல்லம் கரைத்த நீரில் துருப்பிடித்த ஆணிகளையும் லாடத் துண்டுகளையும் இட்டுப் பதினைந்து நாள் மூடி வைத்திருந்த பானை ஒன்று மூலையில் இருந்தது. கடுக்காய் நீரில் ஊறிக் காய்ந்த வேட்டியை அப்பானை நீரில் தோய்த்தார். வெளிறிய மஞ்சளாக இருந்த துணி, என் கண் முன்னே சாம்பல் நிறமாகிப் பின்பு கருமுகில்போல் ஆயிற்று. கறை எங்கே என்று தேடினோம்; காணவில்லை. “ஓரிடத்தில் நின்றால் கறை, எங்கும் நின்றால் சாயம், அவ்வளவுதானப்பா!” என்று அவர் நகைத்தார். அவ்வேட்டியிலிருந்து என் தங்கைக்கு ஒரு பாவாடையும் எனக்கு ஒரு புத்தகப்பையும் கிடைத்தன.

இது மாயம் அன்று. கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதியாக உண்டு. அறிவியலார் அதனை டேனின் என்பர். அஃது இரும்போடு கூடினால் கருமை பிறக்கும். வாழைச்சாற்றிலும் அத்தகைய துவர்ப்பொருள் உள்ளது. தஞ்சைப் பகுதியில் கலங்காரித் துணி எழுதுவோர் கருங்கோடு இடுவது இந்த இரும்பு நீரைக் கொண்டே. கடுக்காயோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து நம் முன்னோர் எழுதுமையும் செய்தனர். துணியைக் கறுப்பாக்கிய அதே கூட்டு, தாளில் எழுத்தாகி நின்றது.

இனி, சொல்லுக்கு வருவோம். கடுக்காயை வாயிலிட்டால் நாவை இழுத்துப் பிடிக்கும் சுவைக்குத் துவர் என்று பெயர். அறுசுவையுள் அஃது ஒன்று. அச்சொல்லுக்கே சிவப்பு என்னும் பொருளும் உண்டு. சிவந்த வாயைத் துவர்வாய் என்பர் புலவர். துறவியர் உடுத்த காவியுடை துவராடை எனப்பட்டது. நாவுக்குரிய சுவையும் கண்ணுக்குரிய நிறமும் ஒரு சொல்லில் எவ்வாறு கூடின? அகராதியைப் புரட்டினால் இரு பொருளும் தனித்தனியே கிடைக்கும். அவற்றை இணைக்கும் பாலம் சாயத்தாழியில் இருக்கிறது என்பது என் கருத்து. துவர்ப்பான பட்டையையும் காயையும் காய்ச்சியே நம்மவர் ஆடைக்குச் செம்மையும் பழுப்பும் ஊட்டினர். வெற்றிலையோடு மெல்லும் பாக்கு துவர்க்கிறது. சுண்ணாம்போடு கூடியதும் வாய் சிவக்கிறது. சுவையும் நிறமும் ஒரே பொருளினின்று பிறப்பதை நாள்தோறும் கண்டவர்கள் இரண்டுக்கும் ஒரு பெயர் இட்டதில் வியப்பில்லை. வடமொழியிலும் இவ்வாறே. கஷாயம் என்பது துவர்ப்பையும் காய்ச்சிய சாற்றையும் குறிக்கும். அச்சொல்லினின்று வந்த காஷாயம் துறவியின் ஆடையைக் குறிக்கும்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கோடை விடுமுறைகளில் என் பேரப்பிள்ளைகளையும் தெருப்பிள்ளைகளையும் கூட்டி இக்கலையைச் செய்து பார்க்கிறேன். நீங்களும் செய்யலாம். சமையலுக்குரிய பாத்திரங்களை இதற்குக் கொள்ளலாகாது. அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

முதலில் 100 கிராம் எடையுள்ள பருத்தித் துணியைச் சவர்க்காரம் இட்டுக் கொதிநீரில் வேகவைத்துக் கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் போக அலசுக. பிறகு 20 கிராம் கடுக்காய்த் தூளைச் சுடுநீரில் கரைத்து, அதில் துணியை ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துக. மூன்றாவதாக, 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதிலும் அவ்வாறே ஊறவைத்து உலர்த்துக. பட்டும் கம்பளியும் படிகாரத்தை எளிதில் ஏற்கும். பருத்தி அவ்வாறு ஏற்பதில்லை. அதனால்தான் கடுக்காய் முன்னே செல்கிறது. துவர்ப்பொருள் பருத்தியைப் பற்றும். படிகாரம் துவர்ப்பொருளைப் பற்றும். நிறம் படிகாரத்தைப் பற்றும். மூவரும் கைகோத்து நின்றாலன்றி நிறம் நில்லாது.

நிறத்துக்காக எதனையும் பறிக்க வேண்டுவதில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் கடைவீதியில் வாடிக் கிடக்கும் செண்டுமல்லி மாலைகளைத் திரட்டி வருவோம். 200 கிராம் இதழை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்நீரில் துணியை இட்டு இளஞ்சூட்டில் மேலும் ஒரு மணி நேரம் வைத்தால் பொன்மஞ்சள் ஏறும். அடுக்களையில் கழிக்கும் வெங்காயத் தோல் 50 கிராம் இருந்தால் பழுப்புக் கலந்த பொன்னிறம் கிட்டும். மாதுளைத் தோல் மங்கிய மஞ்சள் தரும். அத்துணியை இரும்பு நீரில் ஒரு கணம் தோய்த்தால் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறமாகும்.

தாளைக் கொதிக்க வைக்க இயலாது. ஆயினும் அதற்கும் வழி உண்டு. கெட்டியான தாளை மஞ்சள் கரைத்த வெந்நீரில் தோய்த்து உலர்த்துக. தெளிந்த சுண்ணாம்பு நீரைக் குச்சியால் தொட்டு அதன்மேல் எழுதினால் எழுத்துச் சிவந்து தோன்றும். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவப்பு மறைந்து மஞ்சள் மீளும். ஆரத்தி நீர் சிவப்பதும் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடுவதனாலேயே. செம்பருத்தி இதழைச் சுடுநீரில் கசக்கி, அந்நீரில் தோய்த்த தாள் புளிப்புப் பட்டால் இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பு நீர் பட்டால் பச்சையாகும். உங்கள் அறிவியல் ஆசிரியர் அமிலம், காரம் என்று கற்பிப்பது இதுவே. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் புதிய ஓலைச்சுவடி தரும்போது மையாடல் என்றொரு சடங்கு நிகழ்ந்தது. மஞ்சளும் இலைச்சாறும் கரியும் ஏட்டின்மேல் தடவுவர். கீறிய எழுத்துக்குள் கரி நிரம்ப, எழுத்து விளங்கித் தோன்றும். நிறமும் கல்வியும் அன்றே உறவாயின.

சென்ற ஆண்டு பிள்ளைகள் ஒரு சோதனை செய்தார்கள். மஞ்சளில் தோய்த்த துணி ஒன்று. கடுக்காயும் படிகாரமும் ஏற்றிச் செண்டுமல்லியில் தோய்த்த துணி ஒன்று. இரண்டையும் பாதி அளவு அட்டையால் மூடி, வெயில் படும் சாளரத்தில் ஒரு மாதம் வைத்தனர். முதல் நாளில் மஞ்சளே மிக்க ஒளியுடையதாக விளங்கிற்று. அட்டையை நீக்கிய நாளில், வெயில் பட்ட பாதி வெளிறிப் போயிருந்தது. செண்டுமல்லித் துணியோ சிறிதே மங்கியிருந்தது. மஞ்சளுக்குப் பற்றுக்கோடு எதுவும் வேண்டா, தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும், வெயில் வந்தவுடன் விட்டுப் போகும். இரண்டு நாள் ஊறி, உலர்ந்து, மீண்டும் ஊறிய துணியே நிறத்தைக் காத்தது. நூலொன்றில் நன்கு பயின்றவரை ‘அதில் தோய்ந்தவர்’ என்று கூறும் வழக்கு நம் மொழியில் உண்டு. அவ்வழக்கின் அருமையை அச்சாளரத்தருகே பிள்ளைகள் கண்டனர்.

நீலத்தின் இயல்பு வேறு. அது நீலி எனவும் பெயர் பெறும் அவுரியினின்று கிடைப்பது. அவுரி நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் கூட்டிப் புளிக்கவைத்த தாழியில் அது கரையும். அதில் தோய்த்த துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் நீலமாகும். பேரழகுடைய இந்நிறத்துக்குப் பின்னே கண்ணீரும் உண்டு. தங்கள் நிலத்தில் அவுரி பயிரிடுமாறு தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்தியதை எதிர்த்து 1859-இல் வங்காள உழவர் கிளர்ந்தெழுந்தனர். பீகாரின் சம்பாரணில் நிலத்தின் 20 பங்கில் 3 பங்கு அவுரி விளைக்க வேண்டும் என்ற முறையை எதிர்த்துக் காந்தியடிகள் 1917-இல் அறப்போர் நடத்தினார். ஆகவே, செடியிற் பிறந்த சாயம் என்பதனாலேயே அது தூயது என்று கொள்ளற்க.

இலண்டனில் 1856-ஆம் ஆண்டு, 18 வயதினரான வில்லியம் பெர்க்கின், நிலக்கரித் தாரினின்று கிடைத்த பொருளைக் கொண்டு மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைச் செய்ய முயன்றார். மருந்து கிட்டவில்லை, ஊதா நிறச் சாயம் கிட்டியது. 1869-இல் செயற்கைச் சிவப்பும் 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்குரியனவாயின. சாயவேரால் செந்நிறம் ஊட்டுவதில் பெயர் பெற்றிருந்தனர் மதுரைச் சௌராட்டிர மக்கள். கடற்கரை மணலில் அவ்வேரைத் தோண்டிப் பிழைத்தவர் பலர். செயற்கைச் சிவப்பு வந்தபின் அவ்வேரைத் தேடுவார் குறைந்தனர். அதே செயற்கைச் சாயத்தால் ஏழைக்கும் மலிந்த விலையில் வண்ண ஆடை கிடைத்தது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஆனால், கழிவை அடக்காதபோது அதற்கு ஆறுகள் விலை கொடுத்தன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலாற்றைக் கெடுத்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. உழவர் வழக்குத் தொடுத்தனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுகளோடு பட்டறைகள் பின்னர் இயங்கத் தொடங்கின.

உலகத்தார் அனைவருக்கும் வேண்டிய துணிக்கு இலையும் வேரும் போதா. எங்கள் வயல் வரப்புகளில் நிற்கும் மஞ்சணத்தியின் வேர்ப்பட்டை நல்ல நிறம் தரும். ஆயினும் ஓர் ஆடைக்காக ஒரு மரத்தைத் தோண்டுவது முறையாகாது. அதனால் நாங்கள் கழிபொருளையே கொள்கிறோம். நச்சுத்தன்மையுடைய மயில்துத்தத்தைத் தொடுவதில்லை. படிகார நீரையும் இரும்பு நீரையும் வாய்க்காலில் ஊற்றுவதில்லை. கிணற்றுக்கு எட்டியுள்ள வறண்ட நிலத்தில் விடுகிறோம். ஆற்று நீரைக் குடித்து வாழும் ஊரார்க்கு இது சிறிய கடமையன்று.

இவ்வளவும் செய்து என்ன பயன் என்று கேட்பீர்கள். கடையில் வேண்டிய நிறம் கிடைக்கிறதே! அதற்கு ஒன்று கூறுவேன். எனது இளமையில் எங்கள் வாரச்சந்தைக்கு மலைப்பொருள் கொணர்ந்து விற்கும் மூதாட்டி ஒருத்தி வருவாள். அவள் தந்த பட்டை ஒன்று கைக்குட்டைக்கு மாதுளம்பூவின் சிவப்பை ஊட்டியது. அண்மையில் அதே சந்தையில் அப்பட்டையைப் பற்றிக் கேட்டேன். மரத்தை அறிந்தாரும் இல்லை; பெயரை அறிந்தாரும் இல்லை. மரம் இன்னும் மலையில் நிற்கக்கூடும். ஆனால், பெயர் அறியாதபோது அஃது ஆயிரம் மரங்களுள் ஒன்று, அவ்வளவே.

மாணவர்களே! உங்கள் தெருவில் உள்ள முதியோரிடம் செல்லுங்கள். எந்த இலை கையைச் சிவப்பாக்கியது, எந்தத் தோல் துணியைப் பழுப்பாக்கியது என்று கேளுங்கள். அவர்கள் கூறும் பெயரைக் கூறியவாறே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். செய்து பார்த்துத் தோய்த்த துணியில் விரலகலம் வெட்டி, அப்பெயருக்கு அருகே ஒட்டுங்கள். பத்துப் பக்கம் நிரம்பினாலும் போதும். சொல்லும் பொருளும் அப்பக்கங்களில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும்.