உடைய வேண்டிய போல்ட்

விருத்தாசலம் பாலக்கரையைத் தாண்டி ஒரு சந்தில் அந்த லேத் பட்டறை. வாசலில் டிராக்டரோடு வைக்கோல் கட்டும் மிஷின் நிற்கிறது. பெயின்ட் வெளுத்துவிட்டது; ஒரு பக்க மூடியைக் காணோம். ஓட்டிவந்த இளைஞன் கோணிப்பையைத் தரையில் கவிழ்க்கிறான். ஒடிந்த கம்பிப் பற்கள், துருவேறிய பேரிங், ஒரு முழம் செயின், துண்டான போல்ட்டுகள்.

“கம்பெனிக்குப் போன் போட்டேண்ணே. பழைய மாடலாம், சாமான் வர பத்து நாளாகுமாம். கம்மாபுரத்துல வைக்கோல் அப்படியே கெடக்கு. நாளைக்குக் கேரளா லாரி வந்துடும்.”

மேஸ்திரி பதில் சொல்லாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குவியலைக் கிளறுகிறார்.

இப்படி வைக்கோலை உருளையாகக் கட்டும் மிஷினுக்கு 1910இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். 1947இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி அதை விற்பனைக்கு இறக்கியது. இந்த வட்டாரத்துக்கு அது அறுவடை மிஷினின் பின்னால்தான் வந்தது. கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் வைக்கோல் நேராகப் போருக்குப் போனது. அறுவடை மிஷின் அதை வயலிலேயே துப்பிவிட்டுப் போகிறது. கூட்டி அள்ள ஆள் கிடையாது. ஒரு மழை பிடித்தால் மாடு முகர்ந்தும் பார்க்காது.

மேஸ்திரி டீசல் துணியால் பேரிங்கைத் துடைக்கிறார். எண் தெரியவில்லை. சாமி படத்தடியில் இருந்த விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து, வளையத்தின் விளிம்பில் கட்டைவிரலால் தேய்த்து ஊதுகிறார். துருவுக்குள்ளிருந்து நான்கு இலக்கங்கள் வெள்ளையாக எழும்புகின்றன: 6206.

“முப்பது உள்விட்டம்” என்கிறார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கிய கணக்கு அது. “எந்தக் கம்பெனி மிஷினா இருந்தா என்ன, பேரிங் பொதுதான். கடைவீதியிலயே கிடைக்கும்.” உள்வளையத்தில் விரலை விட்டுச் சுழற்றுகிறார். கால் சுற்றில் கரகரவென்று இறுகி நின்றுவிடுகிறது. தனியாக எடுத்து வைக்கிறார்.

அடுத்தது செயின்.

“இது பைக் செயினாச்சே?”

“அரை இஞ்சுக்கு அரை இஞ்ச் சரியாத்தானே இருந்துச்சு?”

மேஸ்திரி வெர்னியரை வைக்கிறார். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 12.7 மில்லிமீட்டர், சரி. ஆனால் பைக் செயினின் உருளை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். பல்சக்கரத்தின் பள்ளத்தில் முழுசாக இறங்காது. பல் நுனியில் ஏறி ஏறி ஓடும். சக்கரத்தை நீட்டுகிறார். பற்கள் தேய்ந்து முள்ளாகியிருக்கின்றன. பையன் தலையைச் சொறிகிறான்.

கம்பிப் பல்லுக்கு வெல்டிங் கேட்கிறான். “ஸ்பிரிங் கம்பிப்பா. வெல்டு நிக்கும், பக்கத்துல சூடு பட்ட இடம் பொட்டுனு போயிடும். புதுசு வர்ற வரைக்கும் ஓரத்துப் பல்லைக் கழற்றி நடுவுல போட்டு ஓட்டு.”

கடைசியாகப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு புது போல்ட்டை எடுக்கிறான். “இந்த அளவுல கெட்டியா பத்து வேணும்ணே. மிஷின்ல வந்தது கட்டுக்குக் கட்டு முறியுது.”

மேஸ்திரி போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். 8.8 என்று அச்சு. முறிந்து கிடக்கும் துண்டுகளில் 4.6. பலத்தில் 8.8க்கு 4.6 பாதி.

அவர் சுவரைக் காட்டுகிறார். மெயின் பலகையில் புகையேறிய வெள்ளை ஃபியூஸ் கட்டை. பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊரில் பொம்மைக்கும் கோப்பைக்கும் பக்கத்திலேயே சூளையேறும் சரக்கு.

“ஃபியூஸ் போவுது போவுதுன்னு ஆணிய சொருவுவியா?”

“மோட்டார் எரிஞ்சிடுமே.”

“டிராக்டர் பின்னாடி தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்துது. உள்ள எதாச்சும் சிக்கினா ஒண்ணு இந்த மெது போல்ட் முறியணும், இல்ல கியர் பாக்ஸ் முறியணும். இது முறியறதுக்குன்னே செஞ்சது.”

“அதுக்காக இத்தனை தடவையா?”

மேஸ்திரி இறுகிப்போன பேரிங்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறார். அவனும் விரலை விட்டுச் சுழற்றிப் பார்க்கிறான். இன்னொரு முறையும் பார்க்கிறான். பிறகு 8.8ஐச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்கிறான்.

“சரி, அந்த மெது போல்ட்டே ஒரு டஜன் குடுங்க.”

“பேரிங்கை மாத்தினா டஜன் எதுக்கு? நாலு போதும்.”