இடக்கைப் பொத்தான்

ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வை ஒரு சிறிய அரங்கில் திரையிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், பக்கத்தில் பேரன். விளக்கு அணையும் முன் பெரியவரின் விரல்கள் கண்ணில் பட்டன. ரேகைகளுக்குள் எண்ணெய்க் கறுப்பு. கேமரா ரிப்பேர் பார்த்த கை என்பது இடைவேளையில்தான் தெரிந்தது.

தொடக்கத்தில் வசனமே இல்லை. மாவுக்கட்டு போட்ட கால், மேசைமேல் நொறுங்கிக் கிடக்கும் பெரிய கேமரா, பந்தயக் கார் சக்கரம் கழன்று பறந்துவரும் புகைப்படம். புகைப்படக்காரர் ஜெஃப்புக்குக் கால் எப்படி ஒடிந்தது என்று அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நொறுங்கிய கேமரா வந்தபோது பெரியவர் ‘ச்சு’ கொட்டினார்.

பிறகு ஜெஃப்பாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், எதிர்வீட்டு ஜன்னலை நோட்டம்விட முதலில் பைனாகுலரை எடுக்கிறார். அது போதவில்லை. முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமராவை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். பெரியவர் முன்னால் சாய்ந்தார். கேமராவின் நெற்றியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு டேப்.

“பேரையே மறைச்சிருக்காங்களே தாத்தா?” பேரன் கிசுகிசுத்தான்.

“பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருடா.”

நானும் பார்த்தேன். எதிரில் இருக்கும் நமக்கு லென்ஸின் வலப்புறம். பிடித்திருப்பவருக்கோ இடக்கைப் பக்கம். எத்தனை தடவை பார்த்த படம், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

“எக்ஸாக்டா” என்றார், உறவுக்காரரின் பெயரைச் சொல்வதுபோல.

இடைவேளையில் பேரனுக்கு விரித்துச் சொன்னார். பிலிமைச் சுற்றும் லீவரும் இடப்பக்கம்தானாம். “உள்ளே சின்னக் கத்தி ஒண்ணு வெச்சிருப்பான். பாதி ரோல்ல அவசரம்னா, எடுத்தவரைக்கும் அறுத்துக் கழுவக் குடுத்துடலாம்.” சொல்லும்போதே அவருடைய இடக்கை காற்றில் லீவரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இஹாகி நிறுவனம் செய்த கேமரா அது. 1936-இல் வந்த கினே எக்ஸாக்டாவை 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராக்களின் முன்னோடி என்பார்கள். வடிவமைத்த கார்ல் நுக்டர்லைன் போருக்குப் போனார், திரும்பவில்லை. 1945 குண்டுவீச்சில் தொழிற்சாலையும் அழிந்தது. மறுபடி எழுந்து கிழக்கு ஜெர்மனியில் செய்த எக்ஸாக்டா விஎக்ஸ்தான், 1954-இல் வந்த இந்தப் படத்தில் நியூயார்க்காரர் மடியில் கிடக்கிறது. பெயரை ஒட்டி மறைக்கலாம், கையின் பழக்கத்தை மறைக்க முடியாது. அந்தப் பெரியவரிடம் நான் கற்றது இது.

“லைட்டர் மாதிரி ஒரு கேமரா வருமே, அது?” என்றான் பேரன். ‘ரோமன் ஹாலிடே’ படத்தில், சிகரெட் பற்றவைக்கும் சாக்கில் இளவரசியைப் படமெடுக்கும் ஜப்பானிய எக்கோ 8. பெரியவர் தலையாட்டினார். அவ்வளவுதான். அவர் மனம் எக்ஸாக்டாவை விட்டு நகரவில்லை.

உச்சக் காட்சி. எதிர்வீட்டுக் கொலைகாரன் இருட்டில் ஜெஃப்பை நெருங்குகிறான். ஜெஃப் ஃப்ளாஷ் பல்புகளை ஒவ்வொன்றாக மாட்டி எரியவிட்டு அவன் கண்ணைக் கூசவைக்கிறார். ஒவ்வொரு வெளிச்சத்திலும் பெரியவரின் இடது ஆள்காட்டி விரல், நாற்காலிக் கைப்பிடிமேல் ஒருமுறை அழுந்தி எழுந்தது.

திரையில் அந்தப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. படம் முடியும்வரை ஜெஃப் அந்த எக்ஸாக்டாவில் ஒரு புகைப்படம்கூட எடுப்பதில்லை.