எமரால்டில் ஓசி டீ!

ஊட்டிக்கு வருகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டன், ஏரி, தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டு, வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு மலையிறங்கி விடுகிறார்கள். இன்னும் ஒரு 20, 25 கிலோமீட்டர் தள்ளி வந்தால் எங்கள் எமரால்டு. முத்தோரை பாலாடா தாண்டி பஸ் வளைந்து வளைந்து வரும்போது, இரு பக்கமும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. நடுவே மரகதப் பச்சையில் அணைக்கட்டு ஏரி. குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கனடா நாட்டு உதவியோடு கட்டிய அணைகளில் இதுவும் ஒன்று. என் வீட்டுக்காரருக்கு மின்வாரியத்தில் வேலை. கரூரில் பிறந்த நான் இந்தக் குளிருக்குப் பழகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

சீஸன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவே இல்லை. போன கோடையில் வந்தவள் என் நாத்தனார் மகள். வெளிநாட்டில் வேலை, சொகுசுக் கப்பலில் எல்லாம் பிரயாணம் செய்தவள். "சாப்பாட்டோட ஒயின் இலவசமாமே, அப்படியா?" என்று கேட்டு வைத்தேன். நமக்கும் அதற்கும் வெகு தூரம். ஆனாலும் தெரிந்துகொள்ளும் ஆசை!

அவள் சிரித்துவிட்டாள். "இலவசம் எங்கே அத்தை? டிக்கெட்லயே அதுக்கும் சேர்த்துத்தான் வாங்கிடறாங்க. யார் குடிச்சாலும் முகம் சுளிக்காத மாதிரி, சுமாரா ஒண்ணு ஊத்துவாங்க. ஒசத்தி பாட்டில் வேணும்னா தனியாக் காசு!"

அடடே, இது நம்ம ஊர் ஓசி டீ கதைதானே என்று எனக்குத் தோன்றியது.

நீலகிரியில் பல இடங்களில் தேயிலை தயாராவதைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனால் இலையை வாட்டுவது, அரைப்பது, பழுப்பேற விடுவது, உலர்த்துவது, சலிப்பது எல்லாம் பார்க்கலாம். கடைசியில் ஒரு சின்னக் கப்பில் சூடாக டீ. பக்கத்திலேயே விற்பனைக் கூடம்! அவளை அழைத்துக்கொண்டு அப்படி ஓரிடத்துக்குப் போனோம். கப்பை வாயில் வைத்தால் ஏலக்காய் தூக்கல், சர்க்கரை தூக்கல், கொழகொழவென்று பால். குளிருக்கு இதமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேயிலையின் ருசி எங்கே? தேட வேண்டியிருந்தது.

இதில் குற்றம் சொல்லவும் முடியாது. நூற்றுக்கணக்கான பேருக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும், செலவும் கட்டுப்படியாக வேண்டும். கப்பலில் சுமாரான ஒயின் மாதிரி, இங்கே டஸ்ட் டீ. டஸ்ட் என்றால் குப்பை என்று அர்த்தமில்லை. சலிக்கும்போது அடியில் விழும் பொடி, அவ்வளவுதான். சீக்கிரம் நிறம் இறங்கும், பாலோடு சேர்ந்து நன்றாகவே இருக்கும். மலைச் சரிவின் வாசனையை மட்டும் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

வாசனை வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் 'சி.டி.சி.' முறையில்தான் இங்கே பெரும்பாலான தூள் தயாராகிறது. பழைய முறையில் இலையை உருட்டிச் செய்வது 'ஆர்த்தடாக்ஸ்'. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் சமயம் செடி மெதுவாக வளரும். அப்போது பறிக்கிற கொழுந்துக்குத் தனி மணம். இதற்கெல்லாம் பால் வேண்டாம். கொதித்த வெந்நீரை ஊற்றி மூன்று, நான்கு நிமிடம் மூடி வைத்து வடித்தால் போதும். சர்வதேசத் தர விதிப்படி ருசி பார்க்கும்போது 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை போட்டு 6 நிமிடம் ஊற விடுவார்களாம். வீட்டில் அவ்வளவு கடுப்பு தேவையில்லை!

இது வெறும் நாக்கு ருசி சமாச்சாரம் இல்லை, சகோதரிகளே. என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரை ஏக்கர் தேயிலை. "பசுந்தேயிலைக்கு விலையே இல்லையே, ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பார்த்துப் பார்த்துப் பறிச்சா கூலிக்கே கட்டாது" என்பார். அதனால் முற்றின இலையும் சேர்ந்து கூடைக்குப் போகிறது. முற்றல் சேர்ந்தால் தூள் மட்டம்; தூள் மட்டமானால் ஏலத்தில் விலை இறக்கம்; விலை இறங்கினால் மறுபடி முற்றல். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும் என்றால், அந்தக் கைகள் எத்தனை முறை செடிக்கும் கூடைக்கும் போய் வர வேண்டும்! பாலும் ஏலக்காயும் போட்டால் எந்தத் தூளும் ஒன்றுதான் என்று நாம் இருந்துவிட்டால், நல்ல கொழுந்து பறிப்பவருக்கு நல்ல விலை எப்படிக் கிடைக்கும்?

சிறு விவசாயிகளுக்கென்றே இங்கே கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. குந்தாவில் 1962-லேயே ஒன்று ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பக்கத்து இத்தலாரிலும் உண்டு. அவற்றின் கூட்டமைப்பான 'இண்ட்கோசர்வ்' விற்கும் தூளை வாங்கினால், சிறு விவசாயியின் இலைக்கு நாமும் கை கொடுத்த மாதிரி இருக்கும்.

வாங்கி வந்த தூளில் சாயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகமா? வடிகட்டும் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாயடியில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பும் பழுப்புமாகக் கறை தங்கினால் கலப்படம். காந்தத்தைக் காட்டினால் இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். நல்ல தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், மசாலா சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். தேயிலை பக்கத்து வாசனையை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்காதபடி டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். கர்ப்பிணிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். குளிர்கிறதே என்று கைக்குழந்தைக்கு டீயில் பிஸ்கட் தோய்த்து ஊட்டுவதைப் பார்க்கிறேன், வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

அடுத்த முறை நீலகிரிக்கு வரும்போது யாராவது ஓசி டீ நீட்டினால் சந்தோஷமாக வாங்கிக் குடியுங்கள். குடித்துவிட்டு, "பால், சர்க்கரை இல்லாம ஒரு வாய் கொடுங்க, ருசி பார்த்துட்டு வாங்கறோம்" என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் முகம் மலர்ந்து ஊற்றிக் கொடுப்பார். தயங்கினால், பர்ஸைத் திறக்காமல் நடையைக் கட்டுங்கள்!