ரைன் நதிக்கரையில் ஒரு வழக்கு

ஜெர்மனி நாட்டின் டுஸல்டார்ஃப் நகரில் ரைன் நதி அகன்று, அமைதியாக ஓடுகின்றது. அந்நகரில் தழைத்த பழம்பெரும் நிறுவனங்களுள் ஒன்று மன்னஸ்மன். 1890-இல் தோன்றிய அது, ஒட்டு இல்லாத எஃகுக் குழாய்களால் பெயர் பெற்றது. நூறாண்டுகள் கழிந்தபின் கைப்பேசித் தொழிலிலும் இறங்கியது. 2000-ஆம் ஆண்டில் வோடஃபோன் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இன்று நதியின் மறுகரையில் வோடஃபோனின் ஜெர்மன் தலைமையகம் உயர்ந்து நிற்கின்றது. எஃகுக் குழாய் விற்ற ஊர், கண்ணுக்குத் தெரியாத குழாய் வழியே இணையத்தை விற்கும் ஊராக மாறியிருக்கிறது எனலாம்.

அந்தக் குழாயைப் பற்றிய வழக்கொன்று இவ்வூரிலிருந்து புறப்பட்டு, லக்ஸம்பர்க் நகரில் தீர்ந்தது. அது சென்ற திசையிலேயே நாமும் பயணம் செல்வோம். வழியோ அழகியது, வழக்கோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவது.

கைப்பேசியில் வரும் இணையத்தை அருகிலுள்ள மடிக்கணினிக்கோ மற்றொரு கருவிக்கோ பகிர்ந்து கொடுப்பதை டெதரிங் என்பர். நம் வீட்டுப் பிள்ளைகள் ஹாட்ஸ்பாட் போடுவது என்பார்கள். தனி இணைய இணைப்புக்கு வசதியில்லாத வீட்டில், தந்தையின் கைப்பேசியே மகளின் பாடத்துக்கும் மகனின் வேலை விண்ணப்பத்துக்கும் வழி திறக்கின்றது. ஆனால் இப்பகிர்வை எல்லா நிறுவனங்களும் மனமுவந்து அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் வெரிசான் நிறுவனம் இதற்கென மாதம் 20 டாலர் தனிக்கட்டணம் கேட்டது. அக்கட்டணமின்றிப் பகிர உதவும் செயலிகளைக் கடையிலிருந்து மறைக்குமாறு கூகுளிடம் கோரியது என்று விசாரணை எழுந்தது. 2012 ஜூலையில் அந்நிறுவனம் 12.5 லட்சம் டாலர் செலுத்தி அதனைத் தீர்த்துக்கொண்டது. டேட்டாவை அளந்து விற்கும் திட்டங்களில் அச்செயலிகளுக்கு இருந்த தடையும் நீங்கிற்று.

கிணற்றை விற்றவன், "கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை" என்று வழக்காடிய கதையை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். டேட்டாவை விற்றுவிட்டு, "கைப்பேசிக்குத்தான் விற்றேன், மடிக்கணினிக்கு அல்ல" என்பதும் அவ்வகையைச் சேர்ந்ததன்றோ? நிறுவனத்தார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அளவில்லாத் திட்டத்தின் விலையைக் கைப்பேசி குடிக்கும் அளவை எண்ணியே வகுக்கின்றனர். மடிக்கணினி அதனினும் பன்மடங்கு குடிக்கும். ஆயினும் அளந்து விற்ற பொருளுக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஒரு படி அரிசியை வாங்கியவர் பொங்கினால் என்ன, இடித்து மாவாக்கினால் என்ன?

இனி டுஸல்டார்ஃப் வழக்குக்கு வருவோம். 2017-இல் வோடஃபோன் 'பாஸ்' என்றொரு சலுகையை ஜெர்மனியில் அறிமுகம் செய்தது. பாட்டு, படம், உரையாடல், சமூக வலைத்தளம் என்று அதில் வகைகள் உண்டு. வாங்கிய வகையில் சேர்ந்த செயலிகளுக்குச் செலவாகும் டேட்டா கணக்கில் சேராது. ஆனால் அதே பாட்டை ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினியில் கேட்டால் கணக்கில் கழிக்கப்படும். இதனை எதிர்த்து ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. டுஸல்டார்ஃப் மேல்நீதிமன்றம், ஐரோப்பியச் சட்டத்தின் பொருளை விளக்குமாறு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்டது.

டுஸல்டார்ஃபிலிருந்து தெற்கே சென்றால் கொலோன். ரயிலைவிட்டு இறங்கியதும் 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களுடன் பேராலயம் கண்முன் நிற்கும். 1248-இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1880-இல்தான் நிறைவுற்றது. இந்நகரின் நிர்வாக நீதிமன்றத்திலிருந்தும் இதே போன்ற இரு வழக்குகள் லக்ஸம்பர்க் சென்றன. ஒன்று, வெளிநாட்டில் பாஸ் செல்லாது என்னும் வோடஃபோன் விதி பற்றியது. மற்றொன்று, டெலிகாம் நிறுவனம் தன் சலுகையில் படங்களின் வேகத்தைக் குறைத்தது பற்றியது.

அடுத்து பான் நகரம். பீத்தோவன் பிறந்த ஊர். மேற்கு ஜெர்மனியின் தலைநகராக விளங்கிய ஊர். அரசுப் பணிகள் பல பெர்லினுக்குச் சென்றுவிட்டன. ஆயினும் தொலைத்தொடர்பு, மின்சாரம், அஞ்சல், ரயில்பாதை ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஒழுங்காணையம் இங்கேயே இருக்கின்றது. டெலிகாம் நிறுவனத்தின் தலைமையகமும் இவ்வூரிலேதான்! காவலரும் காவலுக்குட்பட்டவரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர்.

கோப்ளன்ஸில் மோசல் நதி ரைனோடு கலக்கின்றது. அங்கிருந்து ரயில் மோசல் பள்ளத்தாக்கில் திரும்புகின்றது. செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். டிரியர் நகரில் உரோமையர் எழுப்பிய கறுத்த கல்வாயில் இன்றும் நிற்கின்றது. அதற்கு அப்பால் வாஸர்பிலிக் என்னுமிடத்தில் நாட்டின் எல்லை. கைப்பேசி வேற்று நாட்டு அலைவரிசைக்கு மாறுகின்றது. 2017 ஜூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இவ்வாறு எல்லை கடப்போர், நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள், மிகைக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

லக்ஸம்பர்க்கில் 2020 மார்ச் முதல் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எதற்கும் நாட்டுக்குள் கட்டணமில்லை. டிராமில் ஏறினால், கிர்ஷ்பெர்க் மேட்டில் பொன்னிறக் கோபுரங்களுடன் நீதிமன்றம் தோன்றும். 2021 செப்டம்பர் 2 அன்று மூன்று வழக்குகளுக்கும் இங்கே தீர்ப்பு வந்தது. இணையத்தில் செல்லும் அனைத்தையும் சமமாக நடத்துக என்பது 2015-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம். வணிக நோக்கில் சில செயலிகளுக்கு மட்டும் கணக்கில்லை என்பதே அச்சமத்துவத்துக்கு முரண். ஆதலின் அச்சலுகையைச் சார்ந்த ஹாட்ஸ்பாட் கட்டுப்பாடும் செல்லாது என்றது நீதிமன்றம். வேர் நில்லாதபோது கிளை எங்ஙனம் நிற்கும்?

2022 ஏப்ரலில் பான் ஒழுங்காணையம் இரு நிறுவனங்களின் சலுகைகளையும் தடை செய்தது. அவ்வாண்டு ஜூலை முதல் புதிதாக விற்பது நின்றது. 2023 மார்ச்சுக்குள் பழைய ஒப்பந்தங்களும் முடிவுக்கு வந்தன. கிடைத்த சலுகை போயிற்றே என்று சிலர் வருந்தக்கூடும். ஆயினும், வாங்கிய டேட்டாவை எந்தச் செயலிக்குச் செலவிடுவது, எந்தக் கருவியில் செலவிடுவது என்பதை விற்றவர் தீர்மானிக்கலாகாது என்னும் நெறி நிலைபெற்றதே பெரிது. நம் நாட்டிலும் இணையத்தில் பார்க்கும் பொருளைக் கொண்டு விலையை வேறுபடுத்துவதை 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்துவிட்டது.

ஆகவே, அன்பர்களே, அயல்நாடு செல்லும் உங்கள் மகனோ மகளோ அங்கே கைப்பேசித் திட்டம் வாங்குமுன், மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக்கட்டணம் உண்டா? அதற்குத் தனி அளவு உண்டா? எல்லை கடந்தால் விதி மாறுமா? விடையை எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடட்டும்.