மிச்சம் வைக்கிற குதிரை

குதிரை வாங்கப் போகிறவர்கள் நம் பக்கத்தில் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை, மார்பில் எங்கே, இந்த இடத்தில் இருந்தால் ஆகுமா ஆகாதா என்று பேசி முடிப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும். அடுத்தது நிறம். அதற்கப்புறம் தரகர் உதட்டைப் பிரித்து முன்பல்லைக் காட்டி வயதைச் சொல்வார். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் கத்தியவாரும் மார்வாரியும் இப்படித்தான் கைமாறுகின்றன. கடைவாய் எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்த்தவரை அங்கே நான் கண்டதில்லை.

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்து லாயத்தில் நிற்கும் செம்பழுப்புப் பெட்டைக் குதிரை அந்தச் சந்தையில் வாங்கியதுதான். நாலு காலிலும் முகத்திலும் வெள்ளை, அதாவது பஞ்சகல்யாணி. மார்வாரிக் கலப்பு என்பதைக் காதே சொல்லிவிடும். நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். உரிமையாளர் திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறவர். அந்த வெள்ளைக்காகவே கேட்ட விலையைக் கொடுத்தேன் என்கிறார்.

அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டில்தான் சங்கடம். வாளியை வைத்தால் நாலு வாய் தின்னும், தலையைத் தூக்கும், சுவரைப் பார்த்து நிற்கும். விலா எலும்பை எட்டத்தில் நின்றே எண்ணலாம். உரிமையாளரும் எல்லோரும் செய்வதையே செய்தார், மூட்டையை மாற்றினார். கொள்ளு போய்க் கடைக்காரர் சொன்ன கலப்புத் தீவனம் வந்தது. அது போய் மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, பேரீச்சம்பழம். யாரோ சொன்னார்கள் என்று முட்டைகூட உடைத்து ஊற்றியிருக்கிறார்கள். குதிரை ஒவ்வொன்றையும் இரண்டு நாள் மரியாதைக்கு முகர்ந்துவிட்டு ஒதுக்கியது.

அதன் பிறகுதான் பாயை வரவழைத்தார்கள். அறுபதைத் தாண்டியவர், சென்னையில் பந்தயக் குதிரை லாயங்களில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தவர். அவர் வந்ததும் வாளிப் பக்கமே போகவில்லை. தரையில் கிடந்ததைக் குனிந்து பொறுக்கினார். விரல் நீளத்துக்கு உருட்டிய ஈரப் புல், பாதி மென்று துப்பிய சக்கை. பிறகு குதிரையின் கன்னத்தை வெளியிலிருந்தே கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு பின்னால் போனார். ஓர் இடத்தில் குதிரை வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டது.

“தம்பி, தீனிய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல டாக்டர வரச் சொல்லுங்க. பல்லு குத்துது.”

“சந்தைல பல்லத் தெறந்து காட்டுனாங்களே பாய், நல்லாத்தானுங்களே இருந்துச்சு?”

“அது முன்பல்லு. புல்லக் கடிக்கிறதுக்கு. அரைக்கிறதெல்லாம் பின்னாடி.”

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்ல மெல்லத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் எல்லா இடமும் ஒரே சீராகத் தேயாது. மேல்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். நாளெல்லாம் மேயும் குதிரைக்கு இது குறைவு. லாயத்தில் நின்று வாளித் தீனி தின்னும் குதிரைக்கு அதிகம். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கும் இரும்புக் கருவியை மாட்டி, நீண்ட அரத்தால் விளிம்புகளை ராவிவிட்டார். அதோடு லத்தியைப் புழுவுக்கும் ரத்தத்தைச் சர்ராவுக்கும் சோதிக்க எடுத்துப் போனார். ஈ கடித்துப் பரவும் சர்ரா, குதிரையை உள்ளுக்குள்ளேயே உருக்கிவிடும் நோய். அது இருக்கையில் எந்தத் தீவனம் போட்டாலும் உடம்பில் ஒட்டாது. இந்தக் குதிரைக்கு அது இல்லை. புழு இருந்தது, மருந்து கொடுத்தார்கள்.

பல் சரியானதும் குதிரை புல்லை ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்தது. வாளியை மட்டும் இன்னமும் பாதியில் விட்டது. வேலையின் நுணுக்கமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

அவ்வளவு பெரிய உடம்புக்குக் குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்லக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிஷம் ஆகும். ஒரு கிலோ தானியம் பத்தே நிமிஷத்தில் உள்ளே போய்விடும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, நடுவில் வெறும் சுவர் என்று நிறுத்தினால் வயிறு புண்ணாகாமல் என்ன செய்யும்? பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளை உள்நோக்கிக் கருவியால் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இரைப்பைப் புண் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட குதிரை புல்லைத் தின்னும், தானியத்தை ஒதுக்கும். நாம் அதற்குக் கொழுப்பு என்று பெயர் வைப்போம். மூன்று மீட்டர் நீளக் கருவி வேண்டும் என்பதால் எல்லா ஊரிலும் இதைப் பார்த்து உறுதி செய்துவிட முடியாது. அறிகுறியை வைத்து மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாய் தன் பங்குக்குப் புல்லை மாற்றினார்.

தோட்டத்தில் மாடுகளுக்கென்று கோ-4 வகை நேப்பியர் புல் செழித்துக் கிடந்தது. குதிரைக்கும் அதையேதான் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கு அது நல்ல தீனி. ஆனால் அந்தப் புல்லில் இருக்கும் ஆக்சலேட், குதிரையின் குடலில் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கு முன்வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. கூடவே கோதுமைத் தவிடு வேறு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பைக் கரைத்து ஈடுகட்டப் பார்க்கும். நாளடைவில் முகத்து எலும்பே வீங்கிப்போகும். மாவு ஆலைக் குதிரைகளுக்குத் தவிட்டையே தீனியாகப் போட்ட காலத்தில் ஐரோப்பாவில் இதற்கு ஆலைக்காரர் நோய் என்றே பெயர் இருந்தது.

இப்போது வேலியோரம் குதிரைமசால் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பும் புரதமும் நிறைந்த அந்தத் தழை வயிற்று அமிலத்தையும் மட்டுப்படுத்தும். அதோடு வரப்பில் அறுத்த அருகம்புல், இரவுக்குக் காய்ந்த புல். உடல் எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரை, முடிந்தால் இரண்டு பங்கு உலர்ந்த கணக்கில் புல் போக வேண்டும். 315 கிலோக் குதிரைக்கு இரண்டு பங்கு என்றால் ஆறு கிலோ சொச்சம். முழுவதும் பச்சையாகவே போட்டால் 30 கிலோவைத் தாண்டும். சவாரிக்குச் சேணம் கட்டுமுன் பாய் ஒரு கைப்பிடி குதிரைமசாலைக் கட்டாயம் தின்னவிடுகிறார். வெறும் வயிற்றோடு ஓடினால் அமிலம் மேலே தெறித்து இரைப்பைச் சுவரைச் சுடும்.

குதிரைக்குப் புல் இரண்டாம் பட்சம், வாளிதான் சாப்பாடு என்ற எண்ணம் நம்மூரில் பழையது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல்வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்குவதையும் அவற்றில் மிகச் சிலவே பிழைப்பதையும் எழுதியிருக்கிறார். அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் புகார். பயணிகள் எண்ணிக்கையை ஊதிச் சொல்வது வழக்கம்தான் என்றாலும், சோற்றுத் தீனியின் விளைவை அவர் கற்பனை செய்திருக்க வேண்டியதில்லை.

கொள்ளு வேகவைப்பதை முழுதாக இருந்து பார்த்தேன். முதல்நாள் இரவே ஊறிய கொள்ளு, அடுப்பில் அலுமினிய அண்டா. வெந்ததா என்று பார்க்கப் பாய் ஒன்றை எடுத்து நசுக்குகிறார். தோல் கழன்று உள்ளே மாவாக வழுக்கினால்தான் இறக்குவார். நூற்றில் 22 பங்கு அளவுக்குப் புரதம் உள்ள பயறு அது. ஆனால் பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு பொருள் புரதச் செரிமானத்தையே தடுக்கும். வேகும்போது அது அழிந்துவிடும். வெந்த நீரை அவர் கொட்டுவதில்லை. அதிலேயே நொறுக்கிய பார்லியைப் பிசறி, ஆறவைத்து, கையளவு உப்பு போடுகிறார். முன்பு இரண்டு வேளை வைத்த வாளி இப்போது நாலு வேளை. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்குள்தான்.

எடை ஏற வேண்டுமென்றால் தானியத்தைக் கூட்டுவதைவிட எண்ணெய் நல்லது. மாவுச்சத்தைப் போல இரண்டே கால் மடங்கு சக்தி அதில் உண்டு, குடலில் புளிக்கவும் செய்யாது. இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அர்த்தசாஸ்திரம் குதிரைக்கு விதிக்கும் தினப்படியிலேயே எண்ணெயும் உப்பும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் இந்தக் குதிரைக்கு எண்ணெய் வாடையே ஆகாது. பாய் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயில் ஆரம்பித்தார். ஊறவைத்து அரைத்த வெந்தயத்தை அதன் மேல் பிசறினார். குதிரை முகர்ந்தது, உதட்டால் துழாவியது, பிறகு வாளியைத் தட்டித் தட்டி நக்கியது. வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி இப்போது 200 மில்லி போகிறது.

வெந்தயம் பாய்க்குக் கைப்பழக்கம். 2005இல் இங்கிலாந்தில் டெபோரா குட்வின் குழுவினர் லாயக் குதிரைகளிடம் பல மணங்களைக் கலந்த தீனியை வைத்துச் சோதித்தபோதும் முன்வரிசையில் வந்தது வெந்தயம். வாழைப்பழமும் சீரகமும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. பெப்பர்மின்டையும் கேரட்டையும் குதிரைக்கு ஊட்டி வளர்த்த நாட்டில் இந்த முடிவு வந்ததுதான் வேடிக்கை.

பனியன் கம்பெனிக்காரர் என்பதால் உரிமையாளருக்கு அளவெடுப்பது பிடித்துப்போயிற்று. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 158, நீளம் 150 என்றிருந்தபோது 315 கிலோ. இப்போது சுற்றளவு 163, எடை 335. டெக்சாசைச் சேர்ந்த ஹெனெக் 1983இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 3இலிருந்து 4ஐத் தாண்டியிருக்கிறது. விலா கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. சீக்கிரம் ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு பொடி வியாபாரி வந்தாராம். வாளியில் இனி எதை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும் என்று பாய் சொல்ல, பொடி திரும்பிப் போனது.

ஒரு கணக்கு மட்டும் சில நாள் இடித்தது. இரவு வாளி காலையில் சுத்தமாகக் காலி, ஆனால் அந்த வாரம் சுற்றளவு ஏறவில்லை. பாய் இருட்டில் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்து அறையில் நிற்கும் மட்டக்குதிரை குட்டைச் சுவருக்கு மேல் கழுத்தை நீட்டி மிச்சத்தை வழித்துக்கொண்டிருந்தது. அதற்கு வெறும் புல்லைப் போட்டாலே உடம்பு வைக்கும் ராசி. பிடரி மேட்டில் கொழுப்பு திரண்டு நிற்கிறது. வாளியை எதிர்ச் சுவருக்கு மாற்றி மாட்டினார்கள். மட்டத்தை வேறு இடத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று உரிமையாளர் சொன்னதற்குப் பாய் சம்மதிக்கவில்லை.

“அது பக்கத்துல நின்னு மென்னாத்தான் தம்பி இவ வாய் வெக்கிறா. தனியா விட்டா பழையபடி செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பா.”

“அப்ப அதுக்கும் சேத்து நாந்தான் கொள்ளு வாங்கோணுங்களா பாய்?”

“அதுக்கு எதுக்குக் கொள்ளு? காஞ்ச புல்லு ரெண்டு கட்டு போடுங்க, போதும்.”

இரண்டு கட்டு இப்போது தினமும் விழுகிறது.