முறத்தில் ஒரு கல்

அம்மா முறத்தில் அரிசியைக் குவித்து, ஓரத்திலிருந்து ஒரு பிடியை விரலால் இழுப்பாள்; பரப்புவாள்; பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளுவாள். அன்றைய ரேஷன் அரிசியில் பிடிக்கு ஒரு கல்லாவது கிடக்கும். ஆனாலும் சோற்றில் கல் கடிபட்டதாக ஞாபகமே இல்லை. இப்போது பாக்கெட் அரிசி. மூட்டைக்கு ஒன்றிரண்டு கல் இருந்தால் அதிகம். அந்த ஒன்று என் கண்ணுக்குத் தப்பி அப்பாவின் பல்லில் போய் மாட்டுகிறது.

*

கல் குறைந்ததால்தான் தப்புகிறது. பார்வை ஆய்வாளர் ஜெரமி உல்ஃபும் அவருடைய சகாக்களும் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. பல பொருள்கள் குழம்பிக் கிடக்கும் படங்களில் சுத்தியல் போன்ற கருவியைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் கருவி இருந்தபோது, தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். “இல்லை, இல்லை” என்றே சொல்லிப் பழகியவர்கள், அதைச் சீக்கிரமாகவும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் நாள் முழுக்கப் பைகளின் எக்ஸ்ரே பார்ப்பவரின் நிலை இதுதான். அதனால்தான் இல்லாத துப்பாக்கியின் படத்தை இயந்திரமே நடுநடுவே நுழைத்துக் காட்டுகிறது.

*

2013இல் வந்த ஆய்வு. 24 கதிரியக்க மருத்துவர்கள் நுரையீரல் ஸ்கேனில் சிறு கட்டிகளைத் தேடினார்கள். ஒன்றில் கொரில்லா உருவம் பதித்திருந்தது. சராசரிக் கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் 12 பேரின் பார்வை நேராக அதன்மேலேயே விழுந்திருந்தது. கண் பட்டது, கருத்துப் படவில்லை. இவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

*

மெய்ப்புப் பார்க்கையில்: ஒரு வரியில் ஒற்றுப்பிழை ஒன்றைப் பிடித்துவிட்டால், அதே வரியின் அடுத்த பிழை தப்பிவிடுகிறது. ஒன்று கிடைத்ததும் தேடல் முடிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது.

*

கண் மிகத் தெளிவாகப் பார்க்கும் பரப்பு, நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தளவுதான். அம்மா பிடிபிடியாக இழுத்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

*

இன்று பச்சரிசியில் ஐந்து ஜவ்வரிசியை எண்ணிப் போட்டு, மகளிடம் முறத்தைக் கொடுத்தேன். நான்கு கிடைத்துவிட்டன. ஐந்தாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்திருக்கிறாள்.