கண்ணாடி பிடித்தவர்

புதிய கேமரா வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் பழைய கேமராவைக் குறை சொல்வதுதான். நாங்களும் அதற்கு விலக்கல்ல. பதினேழு ஆண்டுகள் எங்கள் தோளில் தொங்கிய ஒரு கருவியைப் பற்றி, அதற்கு மாற்றாக வேறொன்று வந்து சேர்ந்த ஒரே வாரத்தில், அது என்னவெல்லாம் செய்யவில்லை என்று நீண்ட பட்டியல் போட்டோம். அந்தப் பட்டியலில் ஒரு குற்றச்சாட்டு மட்டும் பிழையானது. அது கேமராவின் மீது சாட்டவேண்டிய குற்றமே அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நாங்கள் மூவர். ஒருவர் பாகூர்க்காரர், தமிழாசிரியர். மற்ற இருவரும் வில்லியனூர்ப் பக்கம். 2005ஆம் ஆண்டு மூவரும் சேர்ந்து கட்டிவந்த சீட்டை எடுத்து நிக்கான் டி70 ஒன்றை வாங்கினோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அது சந்தைக்கு வந்திருந்தது. ஆறு மெகாபிக்சல், முதுகில் ஒரு சிறு திரை, கூடவே ஐம்பது மில்லிமீட்டர் லென்சு ஒன்று. ஒரு கேமராவுக்கு மூன்று உரிமையாளர்கள் என்பதை வீட்டார் எவரும் இரசிக்கவில்லை. மாதத்தில் பத்து நாள் ஒருவர் வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டோம்.

நோக்கம் பெரிதாகவே இருந்தது. பாகூர் மூலநாதர் கோயிலின் அதிட்டானத்திலும் சுவர்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அதற்கும் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இவ்வூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்லூரி என்ற சொல்லையே நகரத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழகியிருந்த எங்களுக்கு, நெல்வயல்களுக்கு நடுவே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் உயர்கல்விக்கூடம் இருந்தது என்ற செய்தி போதை தந்தது. 2006இல், பாகூர் குப்புசாமி அவர்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டி, விஜயவேணுகோபால் அவர்கள் பதிப்பித்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்தது. அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சில் உள்ள வரி கல்லில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படமெடுப்பதே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் வேலையாயிற்று. புலமை எங்களுக்கு இல்லை. ஆர்வம் இருந்தது, இரண்டு சைக்கிள்களும் ஒரு மொபெட்டும் இருந்தன.

கல்வெட்டைப் படமெடுக்கப் போனவர்கள் அறிவார்கள்: நேர் வெளிச்சம் எழுத்தைக் கொன்றுவிடும். பிளாஷ் போட்டால் கல் வெளுத்துப்போய், வெட்டின் ஆழம் மறைந்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில், கல்லைத் தடவிக்கொண்டு போவதுபோல் விழவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் மெல்லிய நிழல் தேங்கி, எழுத்து எழுந்து நிற்கும். சுவரை ஒட்டினாற்போல் வெயில் விழும் நேரங்களில் சூரியன் தானே இந்த உதவியைச் செய்யும். மற்ற நேரங்களில் நாமே செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும்.

எங்களுக்குக் கண்ணாடி பிடித்தவர் பாகூர்ப் பெரியவர் ஒருவர். ஒன்றரைக் காணி நிலமும் இரண்டு மாடுகளும் உடையவர். பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து பாகூர் ஏரியை எப்போது தொடும் என்பதை நாள் சொல்லிக் கணிக்கக்கூடியவர். முதல் நாள் எங்களை வேடிக்கை பார்த்தார். இரண்டாம் வாரம், "அந்தாண்ட ஒரு எழுத்து இருக்குது, பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் கண்ணாடியை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பத்தாண்டுகள் அது அவரிடமே இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க இருக்குதுன்னு தெரியும்" என்பார். உண்மைதான். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் மூடிய இடங்களில்கூட விரலால் தடவி, எழுத்து எங்கே தொடங்குகிறது என்று காட்டுவார். பத்தடி தள்ளி நின்று, கண்ணாடியை மார்பளவில் பிடித்து, எங்கள் முகத்தைப் பார்த்தபடியே வெளிச்சத்தை அரையங்குலம் நகர்த்துவார். "போதும்" என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே நின்றுவிடும் அது.

இனி எங்கள் குற்றம். அந்நாளில் எங்களிடம் இருந்தவை 512 எம்.பி. அட்டைகள் நான்கு. உயர்ந்த தரத்தில் எடுத்தால் ஓர் அட்டைக்கு ஏறத்தாழ 150 படங்கள். ஒரே வரியை மூன்று கோணத்தில் எடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது ஒரு காலைப் பொழுதுக்கே காணாது. ஆகவே தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அந்தச் சிறு திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாதவற்றை அழிப்போம். எவை வேண்டாதவை? கை ஆடியவை, வெளிச்சம் தப்பியவை, ஆள் குறுக்கே வந்தவை. ஆள் என்றால் பெரும்பாலும் அவர்தான். கண்ணாடியோடு ஓரடி முன்னால் வந்துவிட்டால் தோளோ துண்டோ சட்டத்துக்குள் நுழையும். வேலை முடிந்து, எங்களில் எவராவது விளையாட்டாக அவரை எடுத்த படங்களும் இருந்தன. கல்வெட்டுக்கு இடம் வேண்டுமே என்று அவையும் போயின. அழிக்கும்போது அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். "நான் கெட்டுட்டேனா? தூக்கிடுங்க தம்பி" என்று அவரே சொன்னதும் உண்டு. சிரித்துக்கொண்டே தூக்கினோம்.

2016 கார்த்திகையில் அவர் காலமானார். மூன்றாம் நாள் அவர் மகன் எங்களைத் தேடி வந்தார். கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேண்டும், வாக்காளர் அட்டையில் உள்ளது ஆளே தெரியவில்லை, "பத்து வருஷமா உங்க கூடத்தான் சுத்தினாரு, உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்?" என்றார்.

அன்றிரவு மூவரும் உட்கார்ந்து நாலாயிரத்துச் சொச்சம் படங்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அவர் இருந்தார், வெளிச்சமாக. எழுத்துகளின் மீது இடமிருந்து வலமாகச் சாய்ந்து விழும் அந்த வெள்ளை, சில படங்களின் மூலையில் கண்ணாடியின் வட்ட விளிம்பு, ஒன்றில் விரல் நிழல். ஆள் இல்லை. கடைசியில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. கோயிலின் முழுத் தோற்றத்தைத் தொலைவிலிருந்து எடுத்தது. அதில் மதிலோரம் துண்டை உதறிக்கொண்டு நிற்கிறார். பெரிதாக்கி எண்ணிப் பார்த்தோம். தலை முதல் கால் வரை 110 புள்ளிகள். தலை மட்டும் பதினைந்து. கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்துகாட்டிய முதல் டிஜிட்டல் கேமராவின் படமே நூற்றுக்கு நூறு, பத்தாயிரம் புள்ளிகள் கொண்டது. எங்கள் அறுபது லட்சம் புள்ளிகளில் அவருக்கென்று நாங்கள் ஒதுக்கியது ஐயாயிரம்கூட இல்லை. ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கியபோது கட்டம் கட்டமாக ஒரு பழுப்பு நிறம்தான் வந்தது. வாக்காளர் அட்டைப் படத்தையே மாலை போட்டு வைத்தார்கள்.

"இன்னும் நல்ல கேமரா இருந்திருந்தால்" என்று அப்போது சொல்லத் தொடங்கினோம். பல ஆண்டுகள் சொன்னோம். எங்கள் பட்டியலின் தலையாய குற்றச்சாட்டு அதுதான்.

2022இல் நிக்கான் இசட்5 வந்தது. இம்முறையும் மூவர் பணம். அதன் சிறப்புகளைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயல். பழையதில் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலே அர்த்தமண்டபத்து இருட்டு மணல் தூவியதுபோல் வரும். இதில் 6400 வைத்தும் தூணின் பூவேலை துலங்குகிறது. கை நடுக்கத்தைக் கருவியே ஏற்றுக்கொள்கிறது. பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்சை ஓர் இணைப்பு வளையத்தின் மூலம் பொருத்தினோம். டி70இன் சென்சார் சிறியது. அந்த லென்சு வரைகிற காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே அது பயன்படுத்தியது. பெரிய சென்சாரில் அதே லென்சு, இத்தனை காலம் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஓரங்களையெல்லாம் காட்டிற்று. ஆனால் குவியத்தைத் திருப்பும் மோட்டார் பழைய கேமராவின் உடலில்தான் இருந்தது. புதிய வளையத்தில் அது கிடையாது. எனவே நவீனக் கருவியில் நாங்கள் கையால் குவியம் திருப்பிக்கொண்டிருக்கிறோம். முன்னேற்றம் எல்லாவற்றையும் ஒரே திசையில் நகர்த்துவதில்லை.

கணக்கையும் அப்போதுதான் ஒழுங்காகப் போட்டோம். ஆறிலிருந்து இருபத்துநான்கு என்பது நான்கு மடங்கு. ஆனால் அது பரப்பில்தான். நீளத்தில் 3008 புள்ளிகள் 6016 ஆகின்றன, இரண்டே மடங்கு. அதாவது இதே கேமரா அன்று எங்களிடம் இருந்திருந்தால், மதிலோரம் நின்ற அந்தத் தலைக்குப் பதினைந்துக்குப் பதிலாக முப்பது புள்ளிகள் கிடைத்திருக்கும். அப்போதும் ஒரு முகம் ஆகியிருக்காது. முகம் வேண்டுமென்றால் பத்தடி நடந்து அவர் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். அதற்கு டி70 தாராளம்.

பழையதைக் கடையில் கொடுத்துவிடலாம் என்று எண்ணினோம். சொன்ன விலை ஒரு கேமராப் பைக்குக்கூடக் காணாது. அட்டைகளையும் சேர்த்துக் கேட்டார்கள். கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றார் ஆசிரியர். கேமராவில் "அழி" என்று சொன்னால் அது படத்தை அழிப்பதில்லை. பொருளடக்கத்தில் அதன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடம் காலி என்று எழுதிக்கொள்கிறது. வேறொரு படம் அதன்மேல் வந்து உட்காரும் வரை பழையது அடியில் கிடக்கும். மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி நான்கு அட்டைகளையும் கொடுத்தோம். மூன்றில் கல்வெட்டுகளே வந்தன. நான்காவதில், பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, திரையில் மேலிருந்து கீழாக ஒரு படம் விரிந்தது.

மேற்பாதி மட்டும். ஏரிக்கரை வானம், தலையில் கட்டிய துண்டு, நரைத்த மீசை, எங்களில் யாரோ சொன்ன எதற்கோ சிரிக்கும் வாய், கழுத்து, இடது தோளின் தொடக்கம். அதற்குக் கீழே சீரான சாம்பல் நிறம். கீழ்ப்பாதி இருந்த இடத்தில் வேறொரு படம் எழுதப்பட்டிருந்தது. எந்தக் கல்வெட்டு என்று தேடிப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஸ்டூடியோக்காரர் உதவ முன்வந்தார். இப்போதெல்லாம் சுலபம், வெள்ளைச் சட்டை போட்ட உடம்பு ஒன்றை ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். நாங்கள் தயங்கினோம். கல்வெட்டுப் பதிப்பில், கல் பொரிந்துபோன இடத்தில் புள்ளி வைத்து "சிதைந்துள்ளது" என்று குறிப்பார்களே தவிர, தெரிந்த சொல்லாகவே இருந்தாலும் கல்லில் இருந்ததுபோல் எழுதிவிடமாட்டார்கள். ஆனால் அது எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் படம் அல்ல. இரண்டு பிரதிகளோடு அவர் மனைவியிடம் போனோம். சாம்பலோடு உள்ளது ஒன்று. சட்டை ஒட்டியது ஒன்று.

ஆயா சட்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாரு, கல்யாணத்துக்குப் போறவரு?" என்றார். பிறகு மற்றதை எடுத்துக்கொண்டார். சாம்பல் பகுதியை உள்ளங்கையால் மூடி, மேலே தெரிந்ததை மட்டும் பார்த்தார். "இது போதும். கீழ இருக்கறத வெட்டிடுங்க." வெட்டினோம். அகலத்தில் நீண்ட, உயரம் குறைந்த படமாக, வாசற்படிக்கு மேலே அது பொருந்திற்று.

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆறு ஆண்டு தாமதமாக வந்ததையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று இலேசாக இருந்திருக்கும்.

இப்போதைய அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும், எதையும் அழிப்பதில்லை. அதனாலேயே எதையும் திரும்பப் பார்ப்பதுமில்லை என்ற புதிய நோய் பிடித்திருக்கிறது. அதற்கு மருந்தாக ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்த ஊருக்குப் போனாலும் முதல் படம் கல்லுக்கு அல்ல. அன்று கதவு திறந்துவிட்டவர், ஏணி தந்தவர், வழி காட்டியவர், யாரோ அவருக்கு. எட்டிப் போய், பெயர் கேட்டு, முகம் நிறைய. அந்த வாரத்துக்குள் ஒரு பிரதி அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

டி70ஐக் கடையில் கொடுக்கவில்லை. மின்கலம் பத்துப் படங்களுக்குமேல் தாங்காது. ஆசிரியர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கண்ணாடி மட்டும் இன்னும் பையில் வருகிறது. எத்தனை ஐ.எஸ்.ஓ. ஏறினாலும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்க்க எந்தக் கேமராவும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் முறை வைத்துப் பிடிக்கிறோம். "போதும்" என்று சொல்லிய பிறகும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.